‘சிஸ்டம் அப்படித்தான்’ என்று சொல்ல முடியவில்லை

“அண்ணா, மத்தியானம் நான் எங்கம்மாகிட்டப் பேசுனதும் அதுல இருக்குமுங்களா?”

சித்தப்பா கடையில் பில் போடும் பெண் கேட்டது இது. போன ஆடி மாதம், மாடி அறையில் சர்வர் பெட்டியைத் திறந்து தூசி துடைத்துக்கொண்டிருந்தேன். பதில் சொல்ல எனக்கு அரை நிமிடமாவது ஆகியிருக்கும். “இருக்கும்மா” என்றேன். “சரிங்கண்ணா” என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போய்விட்டாள். அந்த அரை நிமிடத்தில் வேறொரு பதில் என் நாக்கு நுனி வரை வந்து நின்றது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து எத்தனையோ பேருக்கு நான் சொல்லிவந்த பதில்தான் அது. அன்றைக்கு மட்டும் ஏன் அதைச் சொல்ல முடியவில்லை என்பதை இத்தனை மாதமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். எழுதிப் பார்த்தாலாவது தெளியுமா என்று பார்க்கிறேன்.

இடி விழுந்த பிறகு

கோவையில் சித்தப்பாவுக்குப் பம்ப் உதிரிபாகக் கடை. இம்பெல்லர், ஷாஃப்ட், மெக்கானிக்கல் சீல், கெபாசிட்டர், வைண்டிங் ஒயர் என்று மோட்டாருக்குள் இருக்கும் எதையும் கேட்டு வாங்கலாம். கீழே கவுண்டர், பின்னால் குடோன், மாடியில் கணக்கு. ஆட்கள் 9 பேர். இரண்டு லேண்ட்லைன் எண்கள் உண்டு. பொள்ளாச்சி, உடுமலை, தாராபுரம் பக்கத்து மெக்கானிக்குகளின் பாக்கெட் டைரியில் அந்த எண்கள்தான் இருக்கின்றன. மும்முனை மின்சாரம் வந்து, மோட்டார் போட்டு, தண்ணீர் ஏறவில்லை என்று தெரிந்த பத்தாவது நிமிடம் அந்த எண்களில் ஒன்று அடிக்கும். “எல்லாருக்கும் செல்போன் கொடுத்துட்டா போச்சு” என்று வெளியாட்கள் சுலபமாகச் சொல்வார்கள். இருபத்தைந்து வருடமாக ஊரெல்லாம் பரவிக் கிடக்கும் எண்ணை யாரும் கைவிட மாட்டார்கள்.

சித்திரையில் பெய்த கோடை மழையில் இடி விழுந்து, கம்பி வழியாக உள்ளே வந்து, இன்டர்காம் பெட்டியைச் சுட்டுவிட்டது. சர்வீஸ்காரர் வந்து பார்த்தார். லைன் கார்டு போய்விட்டது, அந்த மாடலுக்கு இப்போது கார்டு வருவதில்லை, புதுப்பெட்டிதான் என்றார். வரவேற்புக் குரல் வேண்டுமென்றால் அதற்குத் தனிக் கார்டு, யார் கூப்பிட்டார்கள் என்ற பட்டியல் வேண்டுமென்றால் அதற்குத் தனி மென்பொருள், எட்டு இணைப்புக்கு மேல் போனால் அதற்கும் தனிக் காசு. சித்தப்பா என்னைப் பார்த்தார். நான் ஒரு நிறுவனத்தில் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறவன். “விடுங்க சித்தப்பா, நான் ஆஸ்டரிஸ்க்ல பண்ணித் தர்றேன்” என்றேன்.

சாதாரணக் கணினியையே இன்டர்காம் பெட்டியாக்கிவிடும் மென்பொருள்தான் ஆஸ்டரிஸ்க். அதன் பிறப்பே இப்படி ஒரு கடைக் கதைதான். 1999-இல் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் மார்க் ஸ்பென்சர் என்ற இளைஞர் லினக்ஸ் உதவி தரும் சின்ன நிறுவனம் ஒன்றை ஏறக்குறைய 4,000 டாலர் முதலில் தொடங்கினார். வாடிக்கையாளர் அழைப்புகளைப் பிரித்து அனுப்ப ஒரு தொலைபேசிப் பெட்டி தேவைப்பட்டது. வாங்கக் கட்டுப்படியாகவில்லை. தானே எழுதிவிட்டார், எழுதியதை எல்லாருக்கும் திறந்தும் வைத்தார். தொலைபேசிக் கம்பியைக் கணினியில் சொருகும் அட்டையின் வரைபடத்தை ஜிம் டிக்ஸன் என்பவர் அதேபோல் வெளியிட்டிருந்தார். மெக்சிகோ புரட்சியாளர் சபாடாவின் பெயரைத்தான் அவர் தன் திட்டத்துக்கு வைத்தார். இந்த இரண்டும் சேர்ந்த பிறகுதான், பெரிய கம்பெனிகள் மட்டும் வைத்திருந்த வசதி பழைய கணினி ஒன்றும் பொறுமையும் இருந்தால் போதும் என்ற நிலைக்கு வந்தது. எனக்கு அந்த வரலாற்றின் மீது உண்மையான பாசம் உண்டு. சித்தப்பா கடைக்கு அதைக் கொண்டுபோகிறேன் என்பதில் பெருமையாகவும் இருந்தது.

மாடியில் சும்மா கிடந்த 4 ஜிபி கணினியில் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டேன். லேண்ட்லைன் கம்பிகளை வாங்கி வலைக்குள் விடும் சின்ன கேட்வே பெட்டி ஒன்று, இடி தாங்கும் காப்பு ஒன்று, பழைய விலைக்குக் கிடைத்த, கணினி வலையில் சொருகும் ஐபி போன்கள் எட்டு. இணையத்துக்குக் கதவே திறக்கவில்லை. தொலைபேசிச் சர்வரை வெளியே காட்டினால் கடவுச்சொல்லைத் தட்டிப் பார்க்கும் எந்திரங்கள் சில மணி நேரத்தில் வந்துவிடும், ஒரே ராத்திரியில் வெளிநாட்டுக்குப் பேசி பில்லை ஏற்றிவிடும். உள்ளேயே இருக்கட்டும் என்று விட்டேன்.

என்னைப் படுத்தியது ஒரே ஒரு விஷயம். எதிர்முனையில் பேசியவர் போனை வைத்த பிறகும் லைன் விடுபடவில்லை. ஒருவர் வரவேற்புக் குரலைக் கேட்டுவிட்டு வைத்துவிட்டால், கடையின் இரண்டு லைனில் ஒன்று அப்படியே மாட்டிக்கொள்ளும். பழைய கம்பி லைனில் ‘அவர் வைத்துவிட்டார்’ என்று யாரும் சொல்வதில்லை, பிஸி டோன் மட்டும்தான் வரும். அதைக் கேட்டுத்தான் பெட்டி புரிந்துகொள்ள வேண்டும். இரண்டு சாயங்காலம் தலையை உடைத்த பிறகுதான் தெரிந்தது, அந்தக் கேட்வே அமெரிக்க டோனுக்காகக் காத்திருந்திருக்கிறது. அங்கே 480, 620 ஹெர்ட்ஸ் இரண்டும் கலந்து அரை வினாடி ஒலிக்கும், அரை வினாடி நிற்கும். நம்மூரில் 400 ஹெர்ட்ஸ், முக்கால் வினாடி ஒலி, முக்கால் வினாடி மௌனம். சின்ன வயதில் எஸ்டிடி பூத்தில் நின்று எத்தனை தடவை கேட்டிருப்போம்! 400, 750, 750 என்று மூன்று எண்களைப் போட்டேன், லைன் தானாக விடுபட ஆரம்பித்தது. கவுண்டர் அக்கா போனைக் காதில் வைத்துப் பார்த்து, “இப்பச் சரியாயிருச்சுங்க தம்பி” என்றபோது கிடைத்த சந்தோஷம் கொஞ்ச நஞ்சமில்லை.

அப்புறம் பட்டியல். யார், யாருக்கு, எப்போது, எத்தனை வினாடி, எடுத்தார்களா இல்லையா என்று ஒவ்வொரு அழைப்புக்கும் ஒரு வரி சேர்ந்துகொண்டே போகும். ஒரு மாதம் கழித்து எடுத்துப் பார்த்தால், எடுக்கப்படாத அழைப்புகளில் பாதிக்கு மேல் மதியம் ஒன்றே காலுக்கும் இரண்டே காலுக்கும் நடுவில் வந்தவை. எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் நேரம். யாரையும் திட்டவில்லை, சாப்பாட்டு நேரத்தை இரண்டாகப் பிரித்தோம். அடுத்த மாதம் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. சித்தப்பா அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பக்கத்துக் கடைக்காரரிடமெல்லாம் காட்டினார்.

ஒரு வரி

உடுமலையிலிருந்து ஒரு மெக்கானிக் வந்து சண்டை போட்டார். தான் சொன்னது 5 எச்பி இம்பெல்லர், வந்தது 3 எச்பி, அதற்குள் தோட்டத்துக்காரர் இரண்டு நாள் தண்ணீர் இல்லாமல் நின்றுவிட்டார் என்று. கவுண்டர் அக்கா, அவர் மூன்று என்றுதான் சொன்னார் என்கிறார். இரண்டு பேரும் பொய் சொல்கிறவர்கள் இல்லை. சித்தப்பா பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மாலையில் என்னைக் கூப்பிட்டார். “கண்ணு, பேசறதைப் பதிஞ்சு வெக்க முடியுமா?”

முடியும். மிக்ஸ்மானிட்டர் என்று ஒரு கட்டளை இருக்கிறது, இரண்டு பக்கக் குரலையும் கலந்து கோப்பாக எழுதிவிடும். நிமிடத்துக்கு ஒரு எம்பிதான் வரும், கணினியில் இடம் கிடந்தது. எங்கே அதை வைப்பது என்பதுதான் கேள்வி. அப்போது அது எனக்குக் கேள்வியாகவே தெரியவில்லை. வெளியிலிருந்து வருவது, வெளியே போவது, கவுண்டரிலிருந்து குடோனுக்குப் போவது என்று எல்லா அழைப்பும் கடந்துபோகும் ஒரு பொது இடம் டயல்பிளானில், அதாவது எந்த அழைப்பை என்ன செய்ய வேண்டும் என்று ஆஸ்டரிஸ்க்குக்கு எழுதித் தரும் கட்டளைப் பட்டியலில், இருந்தது. எழுத்து வேலை குறையட்டும் என்று அப்படி அமைத்தவன் நான்தான். அங்கே வைத்தால் ஒரே வரியில் முடிந்துவிடும். வருகிற ஆர்டர் அழைப்புகளுக்கு மட்டும் என்றால் நாலைந்து இடத்தைத் திருத்த வேண்டும். இரவு பத்தரை மணி. ஒரு வரி எழுதி, சேமித்து, வீட்டுக்குப் போனேன்.

மூன்று வாரம் எதுவும் நடக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா ஏதோ ஆர்டரைத் தேடிக் கோப்புகளை ஒவ்வொன்றாகக் கேட்டிருக்கிறார். அதில் ஒன்று கவுண்டர் அக்கா தன் தங்கையிடம் பேசியது. மகளின் காலேஜ் பீஸ் கட்ட நாள் நெருங்கிவிட்டது, தாலிக்கொடியைத் தவிர மிச்சத்தை அடகு வைத்துவிடலாமா என்று கேட்கிறார், நடுவில் அழவும் செய்கிறார். சித்தப்பா மறுநாள் அக்காவை மாடிக்குக் கூப்பிட்டார். “ஏம்மா, நகைய எதுக்கு வெக்கோணும்? எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்ல?” என்று ஒரு கவரில் 20,000 ரூபாய் கொடுத்தார். வட்டி கிட்டி எதுவும் வேண்டாம், முடியும்போது கொடு என்றார்.

நல்ல மனசு. இன்றைக்கும் அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 19 வருடமாகத் தன் கடையில் நிற்கிற ஒரு பெண்ணின் கஷ்டம் காதில் விழுந்தது, மனிதர் உதவினார். அக்காவும் வாங்கிக்கொண்டார், கும்பிட்டார், கீழே வந்தார். சாயங்காலம் கடை சாத்தும் நேரத்தில்தான் அவருக்கு உறைத்திருக்கிறது. நகை விஷயத்தை அவர் தங்கையைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. தன் புருஷனிடம் கூடச் சொல்லவில்லை.

அந்த வாரம்தான் பில் போடும் பெண் மாடிக்கு வந்து என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

என் நாக்கு நுனியில் நின்ற பதில், “அது சிஸ்டம் அப்படித்தாம்மா” என்பது. அலுவலகத்தில் இதை நாள் தவறாமல் சொல்வேன். பெரும்பாலும் அது உண்மையும்கூட. எங்கேயோ ஒரு கம்பெனி எழுதிய மென்பொருள், நமக்குக் கதவு இல்லாத பெட்டி, அதன் நடத்தைக்கு நாம் என்ன செய்ய முடியும்? இடியில் சுட்டுப்போன அந்தப் பழைய இன்டர்காம் பெட்டி எதையாவது பதிவு செய்திருந்தால் அன்றைக்கும் அப்படித்தான் சொல்லியிருப்பேன், நிம்மதியாகத் தூங்கியும் இருப்பேன். இந்தப் பெட்டியில் அப்படி ஒரு ‘சிஸ்டம்’ இல்லை. எதுவும் எழுதாமல் விட்டால் ஆஸ்டரிஸ்க் எதையுமே பதிவு செய்யாது, ஒரு மணியைக்கூட அடிக்காது. அந்தப் பெண் அம்மாவிடம் பேசியது அதில் இருந்ததற்குக் காரணம், ஒரு ராத்திரி பத்தரை மணிக்கு நான் நாலு இடத்தில் திருத்தச் சலித்துக்கொண்டது.

எந்த நோக்கத்துக்கும்

ஆஸ்டரிஸ்க் மாதிரி, யாரும் திறந்து பார்த்து மாற்றக்கூடிய கட்டற்ற மென்பொருள் பற்றிப் பேசுகிற நாங்கள் நான்கு சுதந்திரங்களைச் சொல்வோம். அவற்றின் எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்கும். பூஜ்யமாவது சுதந்திரம்: நிரலை எந்த நோக்கத்துக்கும், உன் விருப்பப்படி இயக்கலாம். அப்புறம் படித்துப் பார்த்து மாற்றலாம், பிரதி கொடுக்கலாம், மாற்றியதையும் பகிரலாம். கல்லூரிப் பிள்ளைகளிடம் இதை நான் எத்தனையோ தடவை ஆர்வத்தோடு விளக்கியிருக்கிறேன். இலவசம் வேறு, கட்டற்றது வேறு என்று தமிழில் இரண்டு சொல் நமக்கு அழகாக அமைந்திருக்கிறது என்றும் சொல்வேன்.

அந்தச் சாயங்காலம் மாடியில் உட்கார்ந்து முதல்முறையாக வேறு மாதிரி எண்ணிப் பார்த்தேன். இந்த நான்கும் யாருக்கு? நிரலை இயக்குகிறவருக்கு. இந்தக் கடையில் இயக்குகிறவர் யார்? பெட்டியின் கடவுச்சொல் தெரிந்த நான், என்னிடம் கேட்கக்கூடிய சித்தப்பா. அந்தப் போனைக் காலை ஒன்பது மணியிலிருந்து ராத்திரி எட்டு மணி வரை காதில் வைத்திருக்கிற அக்காவுக்கு அந்த நாலில் ஒன்றுகூடக் கைக்கு எட்டவில்லை. அவர் குரல் வினாடிக்கு 8,000 துண்டுகளாக அந்த நிரல் வழியாகத்தான் போகிறது, ஆனாலும் அவர் அதன் பயனர் இல்லை. மூடிய பெட்டி இருந்த காலத்தில் அக்காவும் நாங்களும் ஒரே நிலையில் இருந்தோம், யாருக்கும் அதை மாற்றத் தெரியாது. நான் திறந்த பெட்டியைக் கொண்டுவந்து வைத்தேன், அதிகாரம் முழுக்க எங்கள் இரண்டு பேர் கைக்கு வந்து சேர்ந்தது. இந்தச் சுதந்திரங்களைத் தரும் மென்பொருள் உரிமத்தில் பிழை இருப்பதாக நான் சொல்ல மாட்டேன். ஆனால் அது எனக்குக் கொடுத்த சுதந்திரத்தை நான் அந்தக் கடைக்கே கொடுத்துவிட்டதாக நினைத்துப் பெருமைப்பட்டிருந்தேன். அது உண்மை இல்லை.

சித்தப்பாவிடம் பேசினேன். முதலில் சட்டத்தை எடுத்தேன். போன் பேச்சும் அந்தரங்க உரிமைக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1996-லேயே சொல்லிவிட்டது, 2017-இல் ஒன்பது நீதிபதிகள் சேர்ந்து அந்தரங்கமே அடிப்படை உரிமை என்று சொன்னார்கள் என்றேன். “அதெல்லாம் அரசாங்கத்தைப் பாத்துச் சொன்னது கண்ணு. இது என் கடை, என் லைன், நான் பில் கட்டறேன்” என்றார். பொறுமையாகத்தான் சொன்னார். “அந்தப் புள்ளைக்கு நான் உதவிதானே பண்ணேன்?”

அதற்கு என்னிடம் பதில் இல்லை. வேறொன்றைச் சொன்னேன். “உங்க பேச்சும் அதுல இருக்குதுங்க சித்தப்பா. 101-ல இருந்து போன கால் எல்லாம்.” 101 என்பது மாடியில் அவர் போனின் உள் எண். நான் எதையும் கேட்கவில்லை, கோப்பின் பெயரிலேயே எண் இருக்கும். அவர் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளினார். யார் யாரிடம் என்னென்ன பேசினோம் என்று மூன்று வாரத்தை மனதுக்குள் ஓட்டிப் பார்ப்பது முகத்திலேயே தெரிந்தது. பிறகு சொன்னார்: “சரி, என்னோடதை மட்டும் எடுத்துரு.”

அதுவும் முடியும். 101 என்றால் தாண்டிப் போ என்று இன்னும் ஒரு வரி. நான் அதை எழுதினேன். அவர் சொன்னால் மறுத்துப் பழக்கமில்லை, எழுதி, சோதித்துப் பார்த்தேன். மாடிப் போனிலிருந்து கூப்பிட்டால் கோப்பு உண்டாகவில்லை, கவுண்டரிலிருந்து கூப்பிட்டால் உண்டானது. சரியாக வேலை செய்தது. திரையில் அந்த இரண்டு வரிகளும் ஒன்றன் கீழ் ஒன்றாக நின்றன. எல்லாரையும் பதிவு செய். முதலாளியை விட்டுவிடு. இதைவிடத் தெளிவாக ஒரு கடையின் மேல்கீழை யாரும் எழுதிவிட முடியாது. எழுதியது என் கை. இரண்டு வரியையும் அழித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன். காலையில் சித்தப்பாவிடம் அழித்துவிட்டேன் என்று சொன்னேன். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். “ஆர்டருக்கு என்ன வழி, அதைச் சொல்லு” என்றார்.

சுவரில் ஒட்டிய தாள்

வழியைச் செய்ய ஒரு சனிக்கிழமை ஆயிற்று. பொது இடத்தை உடைத்து, நாலு இடங்களையும் தனித்தனியாக எழுதினேன். முதல் தடவையே செய்திருக்க வேண்டிய வேலை. வெளியிலிருந்து வந்து, கவுண்டர் எடுக்கிற அழைப்பு மட்டும் பதிவாகும். பதிவாகிறது என்று முன்பே சொல்லிவிடும். அந்த அறிவிப்பைக் கவுண்டர் அக்காவையே பேசச் சொன்னோம்: “வணக்கமுங்க, ஆர்டர் தப்பாகாம இருக்க இந்தப் பேச்சு பதிவாகுதுங்க.” உள்ளுக்குள் பேசுவதும் வெளியே பேசுவதும் பதிவாகாது. 30 நாள் கடந்த கோப்புகளைத் தினமும் ராத்திரி கணினியே அழித்துவிடும். பழைய மூன்று வாரக் கோப்புகளை, அக்காவையும் பில் போடும் பெண்ணையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டே அழித்தேன். சாப்பிடும் இடத்தில் ஒரு போன் வைத்தோம், அதன் அழைப்பு பட்டியலில்கூட ஏறாது.

எது பதிவாகும், எது ஆகாது, எத்தனை நாள் இருக்கும், யார் கேட்கலாம் என்று தமிழில் எழுதி அச்சடித்து, தண்ணீர் கேனுக்கு மேலே சுவரில் ஒட்டினேன். அதற்குப் பக்கத்தில் டயல்பிளானின் அந்தப் பகுதியையும் அப்படியே ஒட்டினேன். யாருக்கும் புரியப்போவதில்லை என்று சித்தப்பா சொன்னார். ஒரு வாரம் கழித்துக் குடோன் தம்பி ஒரு வரியைக் காட்டி, “இந்த 20 எதுக்குங்கண்ணா?” என்றான். எத்தனை வினாடி மணி அடிக்கும் என்பது அது. குடோனிலிருந்து ஓடி வருவதற்குள் கட் ஆகிவிடுகிறது, 30 ஆக்குங்கள் என்றான். ஆக்கினேன். பதிவு விஷயத்தில் எதையாவது மாற்றினால் தாளை முதலில் மாற்றி ஒட்டுவது, அப்புறம்தான் கணினியில் மாற்றுவது என்று எனக்கு நானே ஓர் ஒழுங்கு வைத்திருக்கிறேன். இதுவரை தவறவில்லை.

பில் போடும் பெண் இப்போது சாப்பிடும் இடத்துப் போனில் அம்மாவிடம் சத்தமாகவே பேசுகிறாள். உடுமலை மெக்கானிக் பழையபடி ஆர்டர் சொல்கிறார், அறிவிப்பு முடியும் வரை பொறுமையாகக் காத்திருக்கிறார். கவுண்டர் அக்கா அந்த 20,000 ரூபாயை மாதம் இரண்டாயிரமாகக் கொடுத்து முடித்துவிட்டார், கடைசி மாதம் வரை ஒரு தேதியும் தவறவில்லை.

ஆனால் தங்கையிடமிருந்து அழைப்பு வந்தால் அவர் கடைக்குள் நின்று பேசுவதில்லை. தன் செல்போனை எடுத்துக்கொண்டு, ரோட்டைத் தாண்டி, பேக்கரிக்குப் பக்கத்துப் புங்கமரத்தடிக்குப் போய்விடுகிறார். போன வாரம் நான் போயிருந்தபோதும் அங்கேதான் நின்று பேசிக்கொண்டிருந்தார்.